எரிந்த எலும்பை எப்படிப் படிக்கிறார்கள்?

தீப்பிடித்து அணைக்கப்பட்ட ஒரு வீடு. உள்ளே ஒரு உடல். முழங்கைகள் இரண்டும் மடங்கி, முஷ்டிகள் மார்புக்கு முன்னால் உயர்ந்திருக்கின்றன. முழங்கால்களும் மடங்கியிருக்கின்றன. மண்டையோட்டில் பெரிய விரிசல். முதல்முறை பார்ப்பவர் மனத்தில் உடனே ஒரு கதை ஓடும்: இவர் யாருடனோ போராடியிருக்கிறார், தலையில் அடி விழுந்திருக்கிறது, பிறகு தடயத்தை மறைக்கத் தீ வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கதை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கை மடங்கியதும் மண்டை விரிந்ததும் முழுக்க முழுக்கத் தீயின் வேலையாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் முடிவு கட்டினால் குற்றமே செய்யாத ஒருவர் சிறைக்குப் போவார். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உண்மையிலேயே அடித்துக் கொல்லப்பட்டவரின் மண்டையைப் பார்த்துவிட்டு, ‘சூட்டில் வெடித்திருக்கும்’ என்று வழக்கை மூடிவிடலாம். எரிந்த உடல்களைப் பற்றிய ஆராய்ச்சியும் பயிற்சியும் இந்த இரண்டு தவறுகளையும் தவிர்ப்பதற்காகத்தான்.

இந்தத் துறை நிற்பது ஒரே ஒரு எண்ணத்தின் மேல். மனித உடல் தீயில் தாறுமாறாக எரிவதில்லை, ஒரு வரிசையில் எரிகிறது. எந்த இடம் முதலில் எரியும், எது கடைசிவரை தப்பும் என்பதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த வழக்கம் அத்துப்படியானவருக்கு, அது எங்கே மீறப்பட்டிருக்கிறதோ அந்த இடம் தானாகக் கண்ணில் படும். அங்கேதான் கேள்வி கேட்க வேண்டும்.

கை மடங்குவதிலிருந்தே தொடங்கலாம். தசையில் பெரும்பகுதி தண்ணீர், மீதியில் பெரும்பாலும் புரதம். சூடு ஏறும்போது தண்ணீர் வற்றுகிறது, புரதம் இறுகிச் சுருங்குகிறது. உடலெங்கும் எல்லாத் தசைகளும் சுருங்கத்தான் செய்கின்றன. ஆனால் கையை மடக்கும் தசைகள் நீட்டும் தசைகளைவிட வலுவானவை. இழுபறியில் மடக்கும் தசைகளே ஜெயிக்கின்றன. முழங்கை மடங்குகிறது, விரல்கள் மூடுகின்றன, முழங்கால் மேலே வருகிறது. பார்வைக்குக் குத்துச்சண்டை வீரர் நிற்பது போல இருப்பதால் இதைக் ‘குத்துச்சண்டை நிலை’ என்றே சொல்கிறார்கள். இறந்தவர் தீப்பிடித்தபோது உயிரோடு இருந்தாரா, போராடினாரா என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முன்பே இறந்துபோன உடலும் தீயில் இப்படித்தான் மடங்கும்.

அடுத்தது, எலும்பு எங்கே முதலில் வெளியே தெரியும் என்பது. தசையும் கொழுப்பும் எலும்புக்குக் கவசம். கவசம் மெல்லியதாக இருக்கும் இடங்கள் முதலில் எரியும்: நெற்றி, விரல் முட்டிகள், முழங்கையின் வெளிப்புறம், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம். நம் காலின் முன்பக்கத்தை விரலால் தடவினாலே தெரியும், அங்கே தோலுக்குக் கீழே உடனே எலும்புதான். தொடையின் நடுப்பகுதி, இடுப்பு, முதுகுத்தண்டின் உட்புறம் ஆகியவை நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். தரையோடு ஒட்டிக் கிடந்த பக்கமும் பெரும்பாலும் தப்பிவிடும். கை மடங்கிவிடுவதால் முழங்கையின் உள்மடிப்பு மறைந்துகொள்கிறது. முஷ்டி மூடியிருப்பதால் விரல்நுனிகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. வெளியே கரிந்துபோன கையைக் கவனமாகத் திறந்து உள்ளிருந்து கைரேகை எடுக்க முடிவது இதனால்தான்.

சரி, இந்த வரிசை தெரிந்தால் என்ன பயன்? ஒரு உடலில் முழங்கையின் உள்மடிப்பு நன்றாக எரிந்திருக்கிறது, வெளிப்புறம் அவ்வளவாக எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தக் கை மடங்கவே இல்லை. ஏன் மடங்கவில்லை? மேலே இருந்து எதாவது விழுந்து அழுத்தியிருக்கலாம். பின்னால் கட்டப்பட்டிருக்கலாம். எலும்பு முன்பே உடைந்திருந்தால் தசை இழுத்தும் கை ஒழுங்காக மடங்கியிருக்காது. பதில் என்னவோ தெரியாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. கயிறே எரிந்து போயிருந்தாலும் கயிறு இருந்ததற்கான சாட்சி எலும்பில் தங்கியிருக்க முடியும் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இதெல்லாம் எவ்வளவு நேரத்தில் நடக்கிறது? ஜெர்மனியில் ஆய்வாளர்கள் தகன உலையில் உடல்கள் எரிவதை நேரம் குறித்துக் கவனித்து 1998-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உலையின் வெப்பம் 670 முதல் 810 டிகிரி செல்சியஸ். ஏறக்குறைய 10 நிமிடத்தில் கை, கால் மடங்கிவிட்டன. 20 நிமிடத்தில் மண்டையோட்டின் மேற்புறம் தசையில்லாமல் தெரிந்தது. 30 நிமிடத்தில் மார்பு, வயிற்றுக் குழிகள் திறந்துவிட்டன. முழுமையாக எரிந்து தீர இரண்டு மூன்று மணிநேரம் ஆனது.

அதாவது, எரிப்பதற்கென்றே கட்டிய உலையிலேயே அவ்வளவு நேரம். வீட்டுத் தீயில் ஒரு அறை 600 டிகிரியைத் தாண்டிப் போகும் என்றாலும் அந்தச் சூடு எல்லா மூலையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை, நீண்ட நேரம் நிலைப்பதும் இல்லை. ‘உடல் சாம்பலாகிவிட்டது, ஒன்றுமே மிச்சமில்லை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தகன உலையில்கூட எலும்பு மிஞ்சுகிறது. உலையிலிருந்து எடுத்த எலும்பை இயந்திரத்தில் பொடித்துத்தான் ‘சாம்பல்’ என்று குடும்பத்தாரிடம் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் டென்னசியில் எடை பார்த்து 2004-ல் வெளியிட்ட ஆய்வின்படி ஆண்களுக்குச் சராசரியாக 3.4 கிலோ, பெண்களுக்கு 2.3 கிலோவுக்குச் சற்று மேல். இவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்தால், ஒரு தீ விபத்தில் எலும்பே கிடைக்கவில்லை எனும்போது நன்றாகத் தேடவில்லை என்றோ உடல் அங்கே இல்லை என்றோதான் எண்ணத் தோன்றும்.

இப்போது எலும்பின் நிறத்துக்கு வருவோம். எலும்பில் மூன்றில் இரண்டு பங்கு தாதுப்பொருள். அது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு படிகம். மீதி பெரும்பாலும் கொல்லாஜன் என்ற புரதம், அதோடு தண்ணீர். தாதுப்பொருள் எலும்புக்குக் கடினத்தைக் கொடுக்கிறது, கொல்லாஜன் உடையாமல் வளையும் தன்மையைக் கொடுக்கிறது. தீ முதலில் தின்பது தண்ணீரையும் கொல்லாஜனையும்தான்.

எரியாத எலும்பு இளமஞ்சள். சூடு ஏற ஏறப் பழுப்பாகிறது. அப்புறம் கறுப்பு. கறுப்பு என்றால் கொல்லாஜன் கரியாகி எலும்புக்குள்ளேயே நிற்கிறது என்று பொருள். இன்னும் சூடும் காற்றும் கிடைத்தால் அந்தக் கரியும் எரிந்து வெளியேறும். எலும்பு சாம்பல் நிறத்துக்கும் நீலம் கலந்த சாம்பலுக்கும் மாறும். கடைசியில் வெள்ளை. இந்த வெள்ளை எலும்பைச் சுண்ணாம்புக்கல் நீறுவதோடு ஒப்பிட்டு ‘நீறிய எலும்பு’ என்று சொல்லலாம். தாதுப்பொருள் மட்டும் எஞ்சி நிற்பது அது. தட்டினால் பீங்கான் போல ஓசை வரும், அழுத்தினால் நொறுங்கும். ஏறத்தாழ 300 டிகிரியை ஒட்டிக் கறுக்கத் தொடங்கி, 800 டிகிரியை ஒட்டி வெளுக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிறம் வெப்பமானி அல்ல. காற்று கிடைக்காத இடத்தில் அதிகச் சூட்டிலும் எலும்பு கறுப்பாகவே இருக்கும். குறைந்த சூடு நெடுநேரம் பட்டதற்கும் அதிகச் சூடு சிறிது நேரம் பட்டதற்கும் நிறம் ஒன்றுபோல் இருக்கலாம். நிறத்தைப் பார்த்து ‘இத்தனை டிகிரியில் எரிந்தது, ஆகவே பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள்’ என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். நிறம் உண்மையில் சொல்வது வேறு. ஒரே எலும்பில் வெள்ளை, சாம்பல், கறுப்பு, பழுப்பு, எரியாத பகுதி என்று பட்டை பட்டையாக இருக்கும். தீ எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, தசை எந்தத் திசையில் பின்வாங்கியது என்பதை அந்தப் பட்டைகளின் வரிசை காட்டிவிடும்.

எலும்பு நிறம் மாறுவதோடு நிற்பதில்லை. சுருங்குகிறது, வளைகிறது, விரிகிறது. 700 டிகிரிக்கு மேல் படிகங்கள் பெரிதாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் சுருக்கம் கூடிவிடும், பத்து விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு. எலும்பின் அளவை வைத்து உயரம், ஆணா பெண்ணா என்று கணிக்கும் வழக்கமான சூத்திரங்கள் அப்போது கைகொடுக்காது. நன்றாக வெந்த ஆண் எலும்பு ஒரு பெண் எலும்பின் அளவில் கிடைக்கலாம். போர்ச்சுகலின் கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்தில் வயதும் பாலினமும் முன்பே தெரிந்த எலும்புக்கூடுகளை அளந்து, உலையில் எரித்து, மறுபடி அளந்து பார்க்கிறார்கள். எவ்வளவு பிழை வரும் என்பதை ஊகிக்காமல் கணக்காகச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை.

அங்கே செய்த ஆராய்ச்சி ஒரு பழைய பாடத்தையும் அசைத்தது. எரிந்த எலும்பின் மேல் சில நேரம் பிறைப் பிறையாக, நகம் பதிந்தது போல விரிசல்கள் தெரியும். தசை சுருங்கிப் பின்வாங்கும்போது அலை பின்வாங்கிய கோடுகளைப் போல இவை உண்டாகின்றன என்று விளக்கம் சொன்னார்கள். ஆகவே இந்த விரிசல் இருந்தால் உடல் தசையோடு எரிந்திருக்கிறது, இல்லையென்றால் காய்ந்த எலும்பு எரிந்திருக்கிறது என்பது பாடம். ஆனால் காய்ந்த எலும்புகளை எரித்துப் பார்த்தபோது அவற்றிலும் சிலவற்றில் அதே பிறை விரிசல்கள் வந்தன. தசையோடு எரிந்தவற்றில் அது அதிகம், அவ்வளவுதான். உறுதியான விதி என்று இருந்தது வெறும் வாய்ப்புக் கணக்காகிவிட்டது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவருக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயமல்ல.

மண்டையோட்டைப் பற்றிய நம்பிக்கை இன்னும் பிடிவாதமானது. மூளையில் உள்ள தண்ணீர் கொதித்து, நீராவி அழுத்தம் கூடி, தலை குண்டு போல வெடிக்கும் என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எலேன் போப் என்ற தடயவியல் மானுடவியலாளர் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தீர்மானித்தார். தானமாக வந்த உடல்களின் தலைகளை எரித்து நேரடியாகக் கவனித்தார். வெடிப்பு எதுவும் நடக்கவில்லை. தோல் பிளந்தது, எலும்பு கரிந்தது, மேலடுக்கு உரிந்தது, விரிசல் விட்டது. ஆனால் தலை சிதறவில்லை. அப்படியானால் தீ நடந்த இடங்களில் மண்டை துண்டு துண்டாகக் கிடைப்பது ஏன்? நொறுங்கும் நிலையில் இருக்கும் எலும்பின் மேல் கூரை விழுகிறது. தீயணைப்புக் குழாயின் தண்ணீர் வேகத்தோடு மோதுகிறது. அப்புறம் உடலைத் தூக்கும்போது மிச்சமும் உடைகிறது.

அவரும் ஓ. சி. ஸ்மித் என்ற மருத்துவரும் சேர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு படி மேலே போனது. துப்பாக்கிக் குண்டு, மழுங்கிய பொருளின் அடி, கூரிய ஆயுத வெட்டு ஆகிய காயங்களை முதலிலேயே உண்டாக்கிவிட்டு எரித்தார்கள். எரிந்து முடிந்து துண்டுகளை ஒட்டிச் சேர்த்தபோது காயத்தின் அடையாளங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. குண்டு நுழைந்த துளையின் சரிந்த ஓரம் தெரிந்தது. கத்தி கீறிய கோடு தெரிந்தது.

தீயின் விரிசலையும் அடியின் விரிசலையும் பிரித்தறியத் தொடக்கநிலையில் ஒரு கேள்வி போதும்: விரிசல் எங்கே முடிகிறது? சூட்டால் வரும் விரிசல் எரிந்த பகுதிக்குள்ளேயே இருக்கும். எரியாத எலும்பின் எல்லையை நெருங்கியதும் நின்றுவிடும், ஏனென்றால் அங்கே கொல்லாஜன் இன்னும் உயிர்ப்போடு எலும்பைப் பிடித்து வைத்திருக்கிறது. அடியால் வந்த விரிசலுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே அல்ல. எரிந்த பகுதியைத் தாண்டி எரியாத பகுதிக்குள்ளும் ஓடும். விதிவிலக்குகள் உண்டு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

இறந்தவர் தீப்பிடித்தபோது மூச்சு விட்டாரா என்பது எலும்பு சொல்லாத செய்தி. அது பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவரின் வேலை. மூச்சுக்குழாயில் புகைக்கரி படிந்திருக்கிறதா, இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்ப்பார். சூட்டினால் மண்டைக்குள் இரத்தம் திரண்டு நிற்பதும் உண்டு, அதை அடியின் இரத்தக்கட்டு என்று தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தானாகவே பற்றி எரிந்துபோன மனிதர்கள் என்று ஒரு கதை நூற்றாண்டுகளாக உலவுகிறது. உடல் சாம்பல், பக்கத்து நாற்காலிக்கு ஒன்றுமில்லை, கால் மட்டும் முழுசாக மிச்சம். தீ ஆய்வாளர் ஜான் டிஹான் பன்றி உடலைத் துணியில் சுற்றிப் பற்றவைத்து இதைச் சோதித்தார். தோல் பிளந்து கொழுப்பு உருகித் துணியில் ஊறுகிறது. துணி விளக்குத் திரியாகிவிடுகிறது, உடல் எண்ணெயாகிவிடுகிறது. சிறிய சுடர், பல மணிநேரம். உடலின் நடுப்பகுதி, எலும்பும் நொறுங்கும் அளவுக்கு எரிந்தும் அறை தப்பிவிடுகிறது. கொழுப்பு குறைவான கால் மிஞ்சுவதற்கும் இதுவே காரணம்.

பன்றி பல சோதனைகளுக்கு உதவும், எல்லாவற்றுக்கும் உதவாது. அதன் கை கால்கள் குட்டையானவை, கொழுப்புப் பரவியிருக்கும் விதம் வேறு, குத்துச்சண்டை நிலைக்கு மடங்காது. முன்பு சொன்ன எரிதல் வரிசையைக் கற்க மனித உடல்தான் வேண்டும். அதனால் இந்தத் துறையின் அடித்தளம் உடல் தானம் செய்தவர்கள். வில்லியம் பாஸ் டென்னசி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு நிலத்துக்கு முதல் தான உடல் 1981-ல் வந்தது. உடல் எப்படி அழுகுகிறது என்பதை ஆராயத்தான் அந்த இடம் முதலில் உருவானது. அதைப் போன்ற இடங்கள் பிறகு பல வந்தன.

எரிந்த உடல்களுக்கென்றே நடக்கும் பயிற்சிகளில் பேர்பெற்றது கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் நடப்பது. கட்டில், மேசை, திரை எல்லாம் வைத்துச் சிறிய அறைகள் கட்டுகிறார்கள், பழைய கார்களையும் கொண்டுவருகிறார்கள். தானமாக வந்த உடல்களை அவற்றில் வைத்துத் தீ வைக்கிறார்கள். ஓரளவு எரிந்ததும் தீயணைப்பு வீரர்கள் வழக்கம்போல அணைக்கிறார்கள். பிறகு பயிற்சிக்கு வந்த காவலர்கள், தீ ஆய்வாளர்கள், மரண விசாரணை அலுவலர்கள் உள்ளே போய், என்ன நடந்தது என்று தெரியாத நிலையில் தோண்டி எடுத்து ஆராய்கிறார்கள். அவர்கள் சொன்னது சரியா தவறா என்று கடைசியில் ஒத்துப்பார்க்க முடிகிறது. உண்மையான வழக்கில் இந்த வசதி கிடையாது. அங்கே விடை எழுதிய தாள் யாரிடமும் இல்லை. ஒருவர் இருபது வருடம் வேலை பார்த்தும் தன் கணிப்பு தவறு என்பதை ஒருமுறைகூட அறியாமல் இருந்துவிட முடியும். இந்தப் பயிற்சி இன்றியமையாதது என்று நான் நினைப்பது இதனால்தான். தன் உடலை இதற்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

எப்படி எரிந்தது என்பதற்குச் சமமான இன்னொரு கேள்வி, இவர் யார் என்பது. காத்திருக்கும் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் கேள்வி. இங்கே பல் பெரிய துணை. 1849-ல் பாஸ்டனில் ஜார்ஜ் பார்க்மன் என்ற செல்வந்தர் காணாமல் போனார். அவரிடம் கடன் வாங்கியிருந்த பேராசிரியர் ஜான் வெப்ஸ்டரின் ஆய்வகத்தில், ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில், உடல் பாகங்களும் உலைக்குள் எலும்புத் துண்டுகளும் கிடைத்தன. மருத்துவக் கல்லூரியில் மனித எலும்பு கிடைத்தால் அதுவே சான்றாகிவிடாது. ஆனால் உலையில் செயற்கைப் பற்களும் கிடைத்தன. அவற்றைச் செய்துகொடுத்த பல் மருத்துவர் நேதன் கீப் தன்னிடம் வைத்திருந்த அச்சோடு பொருத்திக் காட்டினார். ஜெஃப்ரிஸ் வைமன் என்ற உடற்கூறு வல்லுநர் உலை எலும்புத் துண்டுகளை இனங்கண்டு சாட்சி சொன்னார். வெப்ஸ்டருக்கு 1850-ல் தூக்கு. பாரிஸில் 1897 மே 4-ம் தேதி ஒரு அறக்கொடைச் சந்தையில் தீப்பிடித்து 120-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடையாளமே தெரியாமல் கரிந்திருந்த அலன்சோன் கோமகளை அவருடைய பல் மருத்துவர்தான் இனங்கண்டார். அங்கே நடந்ததைத் தொகுத்து ஆஸ்கர் அமோடோ என்ற பல் மருத்துவர் அடுத்த ஆண்டே தடயவியல் பல் மருத்துவம் பற்றி நூல் எழுதினார்.

பல் தப்புவதற்குக் காரணம் இருப்பிடம். கன்னம் வெளியிலிருந்தும் நாக்கு உள்ளிருந்தும் காக்கின்றன, வேர் தாடை எலும்புக்குள் புதைந்திருக்கிறது. உதடு எரிந்ததும் முன்பற்கள் முதலில் போகும். பல்லின் கடினமான மேலடுக்கான பற்சிப்பி சூட்டில் தெறித்து உதிரும். கடைவாய்ப் பற்கள் நெடுநேரம் நிற்கும். டிஎன்ஏ-வைப் பொறுத்தவரை, நீறிய வெள்ளை எலும்பிலிருந்து பயனுள்ள எதுவும் கிடைப்பது அரிது. அதனால் மிகக் குறைவாக எரிந்த துண்டைத் தேடி எடுக்க வேண்டும். உடலுக்குள் பொருத்தியிருந்த உலோகமும் உதவும். டைட்டேனியம் உருக 1,668 டிகிரி வேண்டும். செயற்கை மூட்டில் பொறித்த எண் வீட்டுத் தீயைத் தாண்டி நிற்கும்.

இவை எல்லாம் கைக்குக் கிடைத்தால்தானே? 2018 நவம்பரில் கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ விழுங்கியது. 85 பேர் இறந்தார்கள். அணைக்க ஆளில்லாமல் வீடுகள் தரைமட்டமாகும் வரை எரிந்தன. பல இடங்களில் எஞ்சியவை விரல்நகம் அளவுத் துண்டுகள். எரிந்த சுவர்ப்பலகையின் ஜிப்சம் நீறிய எலும்பைப் போலவே வெள்ளையாக நொறுங்கிக் கிடக்கும். அதற்குள் வளர்ப்பு நாயின் எலும்பும் இருக்கும், சமையலறைக் கோழி எலும்பும் இருக்கும். அருகிலுள்ள சிகோ நகரப் பல்கலைக்கழகத்தின் மானுடவியலாளர்களும் தேடுதல் குழுக்களோடு இறங்கி, எது மனிதர், எது விலங்கு, எது சுவர் என்று அங்கேயே பார்த்துச் சொன்னார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் மண்வெட்டியால் வாரிக் கொட்டினால் எல்லாம் முடிந்துவிடும். முதலில் படம் எடுத்து, இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, மண்டியிட்டு, கரண்டியாலும் தூரிகையாலும் அடுக்கடுக்காக நீக்குகிறார்கள். கூரைத் துண்டு உடலுக்கு மேலே கிடந்ததா கீழே கிடந்ததா என்பதும் சாட்சிதான். கீழே கிடந்தால் கூரை விழுந்த பிறகு உடல் அங்கே வந்திருக்கிறது. தலையைத் தூக்குவதற்கு முன் அந்த இடத்திலேயே முகத்தைப் படமெடுத்து, துணியோ தாளோ கொண்டு மெதுவாகச் சுற்றிக் கட்டுகிறார்கள், வழியில் உதிரும் பற்சிப்பி உள்ளேயே விழட்டும் என்று. பிறகு தலை கிடந்த இடத்துச் சாம்பல் முழுவதும் தனியாகப் பையில் போகிறது, முதலில் பெரிய கண் சல்லடை, அடுத்து சிறிய கண் சல்லடை. சல்லடையில் தங்கியதை எக்ஸ்ரே எடுத்தால் கரிக்குள் மறைந்திருக்கும் ஒரு பல்லின் வேர் வெள்ளையாகத் தெரியும்.